எவரெஸ்ட் பேஸ் கேம்ப்: குளிருக்குப் பயந்து நாம வாங்குற தப்பான துணிமணிங்க

நேபாளத்துல எவரெஸ்ட் அடிவார முகாம் வரைக்கும் நடந்து போற ட்ரெக்தான் எவரெஸ்ட் பேஸ் கேம்ப். அங்க போறேன்னு சொன்னதும் வீட்ல கேக்குற முதல் கேள்வி "குளிரு தாங்குவியா?"தான். அந்தப் பயத்துலயே கடைக்குப் போய் இருக்கறதுலயே தடியான ஜாக்கெட்டா பாத்து வாங்கிட்டு வந்துடுறோம். நானும் அப்படித்தான் போனேன். ஆனா அங்க என்னை முதல்ல நடுங்க வெச்சது பனி இல்ல, என் வேர்வை.

வழியில வர்ற மலை ஊரான நாம்சே பஜார் போற அன்னிக்கு ஹிலாரி பாலம்னு ஒரு தொங்கு பாலம் வரும், அதைத் தாண்டினா சுமார் 600 மீட்டர் ஒரே ஏத்தம். காலைல குளிருதேன்னு காட்டன் பனியன், அதுக்கு மேல தெர்மல், அதுக்கு மேல அந்த தடி ஜாக்கெட்னு மொத்தத்தையும் மாட்டிக்கிட்டு ஏறினேன், பாதி வழிலயே பனியனைப் பிழிஞ்சா தண்ணி சொட்டும்ங்கிற நிலைமை, சரி கொஞ்சம் மூச்சு வாங்கிக்கலாம்னு ஒரு பாறைல உக்காந்தா காத்து அடிக்குது, முதுகுல ஈரத்துணியைப் போட்டு ஃப்ரிட்ஜுக்குள்ள தள்ளின மாதிரி ஆயிடுச்சு. காட்டன் வேர்வையைக் குடிச்சு வெச்சுக்கும், சீக்கிரம் காயாது. நம்ம ஊர் வெயிலுக்கு அதுதான் சுகம், அங்க அதுவே வினை. அதனால உடம்பை ஒட்டிப் போடுறது பாலியஸ்டர் இல்லன்னா மெரினோ கம்பளியா இருக்கட்டும். ஜீன்ஸை வீட்லயே விட்டுடுங்க.

அடுத்தது, ஒரே ஒரு பெரிய ஜாக்கெட்டை நம்புறது. அதுல ரெண்டே வழிதான், போட்டா வேகும், கழட்டினா விறைக்கும். தனித்தனியா மூணு இருக்கணும்: ஒரு ஃப்ளீஸ் (கம்பளி மாதிரி மெத்துன்னு இருக்கற செயற்கைத் துணி), ஒரு டவுன் ஜாக்கெட், காத்துக்கும் மழைக்கும் மேல போட மெல்லிசா ஒரு ரெயின் ஜாக்கெட். நடக்க ஆரம்பிக்கும்போது லேசா குளிரணும், அதுதான் சரியான அளவு, பத்தே நிமிஷத்துல உடம்பு சூடாயிடும். டவுன் ஜாக்கெட் பைல மேலாப்புல இருக்கட்டும், நின்ன உடனே எடுத்து மாட்டுங்க. அதுக்குள்ள இருக்கறது வாத்து இறகோட பொசுபொசு பகுதி, அதுல அடைபட்டு நிக்கிற காத்துதான் சூட்டைக் காப்பாத்துது, நனைஞ்சா இறகு அமுங்கிப் போய் ஒண்ணுத்துக்கும் உதவாது. இதை காசு போட்டு வாங்கணும்னும் இல்ல, காத்மாண்டுல தாமெல் பக்கம் டவுன் ஜாக்கெட், ஸ்லீப்பிங் பேக் எல்லாம் வாடகைக்கே கிடைக்கும். பெரிய பிராண்டு பேர் ஒட்டின டூப்ளிகேட்டும் அங்க நிறைய, தெரிஞ்சே வாங்கினா பரவால்ல, ரெயின் ஜாக்கெட்டை மட்டும் அப்படி வாங்காதீங்க.

ஷூ விஷயத்துலதான் நிறைய பேர் சொதப்புறாங்க. ட்ரெக்குக்கு நாலு நாள் முன்னாடி புதுசா வாங்கி நேரா நடை ஆரம்பிக்கிற லுக்லால போய் போடுறது ஒரு ரகம், ரெண்டாவது நாளே குதிகால்ல கொப்புளம். குறைஞ்சது ஒரு மாசமாவது படிக்கட்டு, மண் ரோடுன்னு அதைப் போட்டு நடந்திருக்கணும். சைஸ் அரை இல்லன்னா ஒண்ணு கூட இருக்கட்டும், கடைக்கு சாயங்காலமா போங்க, கால் அப்பதான் கொஞ்சம் வீங்கியிருக்கும், ட்ரெக்குக்குப் போடப்போற அதே சாக்ஸைப் போட்டுப் பாருங்க. ஏத்தத்துல ஒண்ணும் தெரியாது, இறக்கத்துலதான் விரல் முன்னாடி போய் இடிச்சு இடிச்சு நகம் கறுத்துப் போகும். இன்னொரு ரகம் எங்க கூட வந்த நண்பர், அஞ்சாறு வருஷமா அட்டைப்பெட்டில பத்திரமா தூங்கின ஷூவை எடுத்துட்டு வந்தாரு, பாக்க புதுசு. நாம்சே தாண்டினதும் அடிப்பாகம் பிஸ்கட் மாதிரி உதிர ஆரம்பிச்சிடுச்சு. அந்த நடு சோல் பாலியூரிதேன், சும்மா வெச்சிருந்தாலே காத்துல இருக்கற ஈரம் பட்டு பல வருஷத்துல மட்கிப்போயிடும், கடலோர ஊர்ல கேக்கவே வேணாம். மனுஷன் டேப் சுத்திக்கிட்டே நடந்தாரு. சாக்ஸை மூணு அடுக்காப் போட்டா சூடா இருக்கும்னு நினைக்கறதும் தப்பு, ஷூ இறுகிப்போய் ரத்த ஓட்டம் குறைஞ்சு இன்னும்தான் ஜில்லுன்னு ஆகும்.

லுக்லா 2,860 மீட்டர், கடைசியா தங்குற கோரக்ஷெப் 5,164 மீட்டர். ஆயிரம் மீட்டருக்கு சுமாரா ஆறரை டிகிரி குறையும், நீங்களே கணக்கு போட்டுக்கோங்க. லாட்ஜுல அடுப்பு சாப்பாட்டு ஹால்ல மட்டும்தான் எரியும், ரூம்ல கிடையாது. ஸ்லீப்பிங் பேக்ல கம்ஃபர்ட், லிமிட், எக்ஸ்ட்ரீம்னு எத்தனை டிகிரி குளிர் வரைக்கும் தாங்கும்ங்கிற மூணு நம்பர் இருக்கும், கம்ஃபர்ட்டை மட்டும் பாருங்க, எக்ஸ்ட்ரீம்ங்கிறது உயிர் தப்பிக்கிற அளவு, தூங்குற அளவு இல்ல.

கூலிங் கிளாஸ் ஸ்டைலுக்குன்னு நினைச்சு ரோட்டோரக் கடைல வாங்காதீங்க. ஆயிரம் மீட்டர் ஏறினா புற ஊதாக் கதிர் பத்து சதவீதம் போல கூடும், புதுப்பனி அதுல 80 சதவீதம் வரைக்கும் திருப்பி அடிக்கும், ரெண்டும் சேர்ந்தா கண்ணு கூசி எரிஞ்சு தற்காலிகமா பார்வையே போயிடலாம். புற ஊதாக் கதிரைத் தடுக்கிற, யுவி 400னு போட்டது வேணும், பக்கவாட்டும் மூடியிருந்தா நல்லது. கழுத்துக்கு ஒரு பஃப், அதான் குழாய் மாதிரி மாட்டிக்கிற துணி, வாங்கிக்கோங்க, மூக்கு வாயை மூடிக்கிட்டு நடந்தா அந்தத் தூசிலயும் வறண்ட காத்துலயும் வர்ற இருமல் (அந்தப் பகுதி பேரால கும்பு இருமல்னு சொல்வாங்க) கொஞ்சம் அடங்கும்.

இதெல்லாம் படிச்சிட்டு எல்லாத்துலயும் ரெண்டு ரெண்டு வாங்கிடாதீங்க, லுக்லா ஃப்ளைட்ல பொதுவா கைப்பையும் சேர்த்து 15 கிலோதான்.

கடைசியா காலா பத்தர், கோரக்ஷெப் பக்கத்துல எவரெஸ்ட்டைப் பாக்க ஏறுற குன்று. விடியறதுக்கு முன்னாடியே ஏறணும், தலைல ஹெட்லாம்ப். அங்க என் தண்ணிப்பை குழாய் உறைஞ்சு போச்சு, வெளி பாக்கெட்ல வெச்ச போன் பாதி சார்ஜ் இருக்கும்போதே அணைஞ்சிடுச்சு. போனை ஜாக்கெட்டுக்கு உள்ள, உடம்பை ஒட்டி வெச்சுக்கோங்க. தண்ணிக்கு அகல வாய் பாட்டில்தான் சரி, அதையும் மூடியை இறுக்கி தலைகீழா வைங்க, ஐஸ் மேல்பக்கம்தான் முதல்ல கட்டும், மூடி பக்கம் தண்ணியாவே இருக்கும்.