வளைகுடா வேலை: ஏஜென்ட்டிடம் பணம் கட்டும் முன்

'சவுதிக்கு வெல்டர் தேவை, சாப்பாடு, தங்குமிடம் இலவசம்' என்று வாட்ஸப்பில் நோட்டீஸ் வந்தால், சம்பளத்தைப் பார்ப்பதற்கு முன் உரிம எண்ணைத் தேடுங்கள். 1983-ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டப்படி, வெளிநாட்டு வேலைக்கு ஆள் சேர்ப்பவர் மத்திய அரசிடம் உரிமம் பெற்றிருக்க வேண்டும். எண் இல்லாத நோட்டீஸை அந்த இடத்திலேயே விட்டுவிடலாம்.

எண் இருந்தாலும் போதாது. வெளியுறவு அமைச்சகத்தின் இ-மைக்ரேட் தளத்தில் ஏஜென்ட்டுகளின் பட்டியல் இருக்கிறது. நிறுவனத்தின் பெயரைத் தட்டி, உரிமம் நடப்பில் இருக்கிறதா, ரத்தாகிவிட்டதா, காலாவதியா என்று பாருங்கள். பிறகு அந்தப் பட்டியலில் உள்ள தொலைபேசி எண்ணுக்கே பேசி, 'இந்த வேலைக்கு நீங்கள்தான் ஆள் எடுக்கிறீர்களா' என்று கேளுங்கள். நோட்டீஸில் இருக்கும் செல் எண்ணுக்குப் பேசிப் பயனில்லை. உண்மையான நிறுவனத்தின் உரிம எண்ணைப் போட்டு, கீழே தன் செல் எண்ணைப் போடுவதுதான் மோசடிக்காரர்கள் வழக்கமாகச் செய்வது. ஊரில் ஆள் பிடித்துக் கொடுக்கும் சப்-ஏஜென்ட்டுக்குச் சட்டத்தில் இடமே இல்லை. அவர் சொந்தக்காரராக இருந்தாலும் அவர் கையில் பணம் கொடுக்காதீர்கள்.

தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனமும் ஆள் எடுக்கிறது. அதன் அறிவிப்புகளை முதலில் பார்ப்பது நல்லது.

அடுத்தது பாஸ்போர்ட். பத்தாம் வகுப்பு தேறாதவர்களின் பாஸ்போர்ட் பெரும்பாலும் ஈசிஆர் (ECR, அதாவது குடிபெயர்வு அனுமதி தேவைப்படும்) வகையாக இருக்கும். அதை வைத்துக்கொண்டு வளைகுடா நாடுகள், மலேசியா உட்பட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போக, இ-மைக்ரேட் வழியாகக் குடிபெயர்வு அனுமதி வாங்க வேண்டும். பத்தாவது தேறியும் ஈசிஆர் இருந்தால், மதிப்பெண் சான்றிதழைக் காட்டிப் பாஸ்போர்ட்டை மாற்றி வாங்கிவிடுங்கள். அசல் பாஸ்போர்ட்டை விசா ஸ்டாம்பிங்குக்கு மட்டும் கொடுங்கள். அப்போதும் ரசீது வாங்குங்கள்.

ஆட்கள் அதிகம் சிக்குவது விசிட் விசாவில்தான். 'இப்போ விசிட்ல போங்க, அங்க போய் மாத்திக்கலாம்' என்பார்கள். ஈசிஆர் பாஸ்போர்ட் என்றால் விமான நிலையத்திலேயே இமிக்ரேஷனில் நிறுத்திவிடலாம். தாண்டிப் போனாலும் அங்கே வேலை செய்ய அனுமதி கிடையாது. விசா நாள் முடிந்தால் அபராதம் ஏறும். முறையான ஒப்பந்தம் இல்லாததால், சம்பளம் தராத முதலாளிமேல் புகார் கொடுப்பதும் பெரும்பாடு. வேலை விசா கைக்கு வராமல் டிக்கெட் போடாதீர்கள்.

ஒப்பந்தத்தை வாசிக்கும்போது 'மொத்தம் 1,800 ரியால்' என்ற வரியோடு நிறுத்தாதீர்கள். அதில் பேசிக் எவ்வளவு, சாப்பாட்டுப்படி எவ்வளவு, ஓவர்டைம் தனியா உள்ளேயா என்று பிரித்துக் கேளுங்கள். பேசிக் 1,000 மட்டும் என்றால், வேலை முடிந்து திரும்பும்போது வரும் பணிக்கொடை சில நாடுகளில் அந்தத் தொகையை வைத்துத்தான் கணக்காகும். தினமும் எத்தனை மணி நேரம், வார விடுமுறை, திரும்பி வர டிக்கெட் யார் தருவது, இவையும் எழுத்தில் இருக்க வேண்டும். விசாவில் உள்ள வேலைப் பெயரும் ஒப்பந்தத்தில் உள்ளதும் ஒன்றா என்று பாருங்கள். வெல்டராகப் போகிறவருக்கு விசாவில் 'கிளீனர்' என்றிருந்தால், அங்கே அவர் கிளீனர்தான்.

ஏஜென்ட் வாங்கக்கூடிய சேவைக் கட்டணத்தின் உச்சவரம்பு 30,000 ரூபாய். 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்தால் 35,400. ஒன்றரை லட்சம், இரண்டு லட்சம் கேட்பது சட்டமீறல். கட்டும் பணத்தை வங்கி வழியாக நிறுவனத்தின் கணக்குக்கே கட்டி, ரசீது வாங்குங்கள். வேலை உறுதியாகும் முன் மெடிக்கலுக்கு அனுப்பினால் போகாதீர்கள். அந்தச் சான்றிதழுக்குக் காலவரம்பு உண்டு, விசா தாமதமானால் மறுபடி பணம் கட்ட நேரும்.

ஈசிஆர் பாஸ்போர்ட்டில் போகிறவர்களுக்குப் பிரவாசி பாரதிய பீமா யோஜனா காப்பீடு கட்டாயம். இரண்டு வருடத்துக்கு 275 ரூபாய், மூன்று வருடத்துக்கு 375. விபத்தில் இறந்தாலோ நிரந்தர ஊனமானாலோ 10 லட்சம் கிடைக்கும். பாலிசி நகல் வீட்டில் இல்லையென்றால் குடும்பத்துக்குக் கேட்கவே தெரியாது. அதனால் பாஸ்போர்ட், விசா, ஒப்பந்தம், பாலிசி, ரசீது எல்லாவற்றிலும் ஒரு நகல் வீட்டில், ஒரு படம் செல்போனில். சந்தேகம் வந்தால் கிளம்பும் முன்பே 1800 11 3090 என்ற மத்திய அரசின் கட்டணமில்லா எண்ணில் கேளுங்கள்.