கைக்குழந்தைக்குக் கரப்பான்: குளியலில் தொடங்கி களிம்பு வரை

மார்கழி பிறந்ததும் கேரள எல்லையில் இருக்கிற எங்கள் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் கிழக்குக் காற்று இறங்கிவிடும். மேற்குத் தொடர்ச்சி மலையில் சுமார் 30 கிலோமீட்டர் அகலத்துக்குத் திறந்து கிடக்கிற பாலக்காட்டுக் கணவாய் வழியாக, கோயம்புத்தூர்ச் சமவெளியின் வறண்ட காற்று நேரே எங்கள் வாசலுக்கு வரும். மலையாளத்தில் அதற்குத் திருவாதிரைக் காற்று என்று அழகான பெயர். என் மகளுக்கு நான்காவது மாதம் நடந்தபோது, அந்தக் காற்றோடுதான் அவள் கன்னத்தில் முதல் சொரசொரப்பு வந்தது. ஒரு வாரத்தில் இரண்டு கன்னமும் உப்புத்தாள் மாதிரி ஆகிவிட்டன. ராத்திரி முழுக்க முகத்தைத் தலையணையில் தேய்த்துத் தேய்த்து அழுவாள்.

தமிழில் இதற்குக் கரப்பான் என்று பெயர். மலையாளத்தில் கரப்பன். டாக்டர்கள் எக்ஸிமா என்கிறார்கள். நான் டாக்டர் இல்லை. ஆனால் மூன்று மார்கழிகளைக் கடந்து வந்த அம்மா. புதிதாக இதில் மாட்டியிருக்கிற அம்மா அப்பாக்களுக்கு, அன்று எனக்கு யாராவது சொல்லியிருக்கக் கூடாதா என்று நினைத்ததையெல்லாம் வரிசையாக எழுதுகிறேன்.

முதலில், இது என்ன?

வயலுக்கு வரப்பு இருக்கிறது. வரப்பில் நண்டு வளை விழுந்தால் உள்ளே தேக்கின தண்ணீர் வெளியே போய்விடும், வெளியே இருப்பது உள்ளே வரும். கரப்பான் உள்ள குழந்தையின் தோலும் அப்படித்தான். ஈரம் நிற்காது. சோப்பு, தூசி, வியர்வை, கிருமி எல்லாம் சுலபமாக உள்ளே போய் எரிச்சலைக் கிளப்பும். தோலின் மேலடுக்கை இறுக்கிப் பிடிக்கிற ஃபிலாக்ரின் என்ற புரதத்தை உண்டாக்கும் மரபணுவில் மாற்றம் இருந்தால் கரப்பான் வரும் வாய்ப்பு கூடும் என்று 2006-இல் கண்டுபிடித்தார்கள். எல்லாக் குழந்தைகளுக்கும் அந்த மாற்றம் இருப்பதில்லை. ஆனால் குடும்பத்தில் ஆஸ்துமா, விடாத தும்மல், கரப்பான் இருந்தால் குழந்தைக்கும் வருவது சகஜம்.

இது ஒட்டுவாரொட்டி இல்லை. தாய்ப்பாலில் சூடு ஏறியதாலும் வரவில்லை. நீங்கள் சாப்பிட்ட கத்தரிக்காயாலும் வரவில்லை. இதைக் கேட்டுக் கேட்டு நான் பாதிச் சாப்பாட்டை விட்டு இளைத்துப்போனதுதான் மிச்சம். பால் கொடுக்கிற அம்மா பத்தியம் இருப்பதால் கரப்பான் ஆறாது. வயிறு நிறையச் சாப்பிடுங்கள்.

கரப்பான்தானா என்று பார்ப்பது

கைக்குழந்தைக்குப் பெரும்பாலும் கன்னம், நெற்றி, தலை, கை கால்களின் வெளிப்பக்கம் ஆகிய இடங்களில் வரும். நாப்கின் கட்டுகிற இடம் ஈரமாகவே இருப்பதால் அங்கே பொதுவாக வராது. இரண்டு வயதுக்கு மேல் முழங்கை மடிப்பு, முழங்காலின் பின்பக்கம், மணிக்கட்டு, கழுத்து என்று இடம் மாறும். அரிப்பு கட்டாயம் இருக்கும்.

புத்தகப் படங்களில் சிவப்பாகக் காட்டுவார்கள். நம் நிறத்துக் குழந்தைகளுக்கு அப்படித் தெரியாது. கருஞ்சிவப்பாகவோ சாம்பல் பூத்த மாதிரியோ இருக்கும், சில சமயம் சின்னச் சின்னப் பொரியாக மட்டும் இருக்கும். ஆகவே கண்ணை நம்பாமல் விரலால் தடவிப் பாருங்கள். சொரசொரப்பும் சூடும் கையில் தெரியும்.

வீட்டில் பெரியவர்களுக்கும் ராத்திரியில் அரிப்பு இருந்து, குழந்தையின் உள்ளங்கையிலும் பாதத்திலும் பொரி இருந்தால் அது சிரங்காக இருக்கலாம். வட்டமாக ஓரம் தடித்து விரிந்தால் படர்தாமரை. இரண்டுக்கும் மருந்தே வேறு. அதனால் முதல் தடவை ஒரு டாக்டர் பார்த்துச் சொல்வது நல்லது.

படி 1: குளியல்

எங்கள் வீட்டில் பெரிய சண்டை இதில்தான். "தண்ணி சூடா இல்லாட்டி பிள்ளைக்கு உடம்பு இறுகாது அம்மிணி" என்பார் அத்தை. ஆவி பறக்கிற தண்ணீர், பயத்தமாவு தேய்ப்பு, அப்புறம் சாம்பிராணி. பாசத்தோடு செய்ததுதான், ஆனால் மூன்றுமே கரப்பானுக்கு ஆகாதவை. சூடு தோலில் இருக்கிற கொஞ்ச எண்ணெயையும் எடுத்துவிடும். மாவு எவ்வளவு சலித்தாலும் உரசும். புகை தோலையும் உறுத்தும், மூச்சையும் உறுத்தும்.

"ஒருக்கா முழங்கையை விட்டுப் பாருங்க அத்தை, சுடவும் கூடாது, குளிரவும் கூடாது" என்று சொல்லி அவர் கையாலேயே பார்க்க வைத்தேன். அன்றிலிருந்து தண்ணீர் பதம் பார்ப்பது அவர் வேலை.

தினமும் ஒரு தடவை, 5 முதல் 10 நிமிடம், வெதுவெதுப்பான தண்ணீர். சோப்பு வேண்டாம். சோப்பு சேராத, வாசனை போடாத க்ளென்சர் கொஞ்சம், அதுவும் அழுக்கு உள்ள இடத்துக்கு மட்டும். பஞ்சுநார், துணி எதையும் வைத்துத் தேய்க்கக் கூடாது. துடைக்கும்போது மெல்லிய பருத்தித் துண்டால் ஒற்றி எடுங்கள். தோலில் லேசாக ஈரம் இருக்கும்போதே நிறுத்திவிடுங்கள்.

எங்கள் பக்கத்து போர் தண்ணீர் உப்புத் தண்ணீர். பாத்திரத்தில் வெள்ளையாகப் படியும். இதனால்தான் வருகிறதோ என்று தண்ணீரை மென்மையாக்கும் மெஷின் வாங்க விலைகூட விசாரித்தேன். நல்லவேளை வாங்கவில்லை. இங்கிலாந்தில் 336 குழந்தைகளை வைத்து 12 வாரம் பார்த்த ஆய்வு 2011-இல் வந்தது. மெஷின் வைத்த வீட்டுக் குழந்தைகளுக்குத் தனியாக எந்த நன்மையும் தெரியவில்லை. குளிக்கிற தண்ணீரில் ஊற்றும் எண்ணெய்களும் அப்படியே. 482 குழந்தைகளிடம் பார்த்து, பெரிதாகப் பயன் இல்லை என்று 2018-இல் சொல்லிவிட்டார்கள். அந்தப் பணத்தை அடுத்த படிக்கு வையுங்கள்.

படி 2: ஈரம் காயும் முன் பூச்சு

எல்லாவற்றிலும் முக்கியமானது இதுதான். உடைந்த வரப்பைத் தினமும் மண் அணைத்துப் பூசுகிற வேலை.

குளித்து மூன்று நிமிடத்துக்குள் உடம்பு முழுக்க மாய்ஸ்சரைசர் பூசிவிட வேண்டும். கரப்பான் உள்ள இடத்துக்கு மட்டும் போதாது, நன்றாக இருக்கிற தோலுக்கும் வேண்டும். தினம் இரண்டு தடவையாவது. காற்று அடிக்கிற மாதங்களில் நான் நான்கு தடவை பூசுவேன். முடி வளரும் திசையில், மேலிருந்து கீழாக நீவி விடுங்கள். அழுத்தித் தேய்த்தால் முடி வேர்களில் கொப்புளம் வரும். டப்பாவில் விரலை விட்டு எடுக்காமல் சுத்தமான ஸ்பூனால் எடுங்கள்.

எவ்வளவு? இங்கேதான் நானும் தவறினேன். 30 கிராம் ட்யூப் ஒன்றை ஒரு மாதம் வைத்திருந்து, 'மருந்து கேட்கவில்லை' என்று புலம்பினேன். பிரிட்டனில் சிகிச்சை வழிகாட்டிகள் வெளியிடுகிற நைஸ் அமைப்பின் வழிகாட்டி குழந்தைகளுக்கு வாரத்துக்கு 250 முதல் 500 கிராம் என்கிறது. கைக்குழந்தைக்கு இதைவிடக் குறைவாகத்தான் ஆகும். ஆனாலும் ட்யூப் கணக்கில் வாங்குகிற பொருள் இல்லை இது, டப்பா கணக்கில் வாங்க வேண்டியது.

எந்தக் கம்பெனி நல்லது என்று எல்லோரும் கேட்கிறார்கள். லோஷன், க்ரீம், ஜெல், ஆயின்ட்மென்ட் என்று நான்கு வகையையும் இங்கிலாந்தில் 550 குழந்தைகளிடம் ஒப்பிட்டு 2022-இல் முடிவு வெளியிட்டார்கள். பலனில் வித்தியாசம் இல்லை. வாசனை சேர்க்காததாக, உங்கள் பைக்குக் கட்டுப்படியாவதாக, குழந்தை அழாமல் பூசிக்கொள்வதாக இருந்தால் அதுவே நல்லது. சாதாரண வெள்ளை பெட்ரோலியம் ஜெல்லிகூடப் போதும்.

சரி, தேங்காய் எண்ணெய்? எங்கள் ஊரில் இந்தக் கேள்வியைத் தாண்டிப் போக முடியாது. தேங்காய்ப்பாலைக் காய்ச்சி எடுக்கிற உருக்கு வெளிச்செண்ணெய் இல்லாமல் இங்கே எந்தக் குழந்தையும் வளர்வதில்லை. பிலிப்பைன்ஸில் 117 குழந்தைகளுக்கு 8 வாரம், ஒரு பாதிக்குச் சுத்தமான தேங்காய் எண்ணெயும் மறு பாதிக்கு மினரல் ஆயிலும் பூசிப் பார்த்தார்கள். 2014-இல் வந்த முடிவில் தேங்காய் எண்ணெய் பூசியவர்களுக்கே அதிகம் குறைந்திருந்தது. ஆகவே லேசான கரப்பானுக்கு எதுவும் கலக்காத தேங்காய் எண்ணெயைத் தாராளமாகப் பூசலாம். மூலிகை காய்ச்சிய தைலங்கள் வேறு விஷயம். வெடித்த தோலில், நீர் வடிகிற தோலில் அவற்றைத் தேய்க்காதீர்கள். எதற்கு எரிகிறது என்று சொல்லக் குழந்தைக்கு வாய் இல்லை.

ஒரு எச்சரிக்கை. களிம்பு ஊறிய துணி சட்டென்று தீப்பிடிக்கும். பூசிய கையோடு குழந்தையை விளக்குக்கோ அடுப்புக்கோ பக்கத்தில் கொண்டுபோக வேண்டாம்.

படி 3: எரிகிற இடத்துக்கு ஸ்டீராய்டு

ஸ்டீராய்டு என்பது தோலின் எரிச்சலை அடக்குகிற மருந்து. இந்த வார்த்தையைக் கேட்டாலே பயம் வருகிறது. எனக்கும் வந்தது, அதற்கு என் சொந்த அனுபவமே காரணம். பக்கத்து வீட்டு அக்கா சொன்னார் என்று சீட்டு இல்லாமல் ஒரு மருந்துக்கடையில் க்ரீம் வாங்கிப் பூசினேன். மூன்றே நாளில் கன்னம் பளபளத்தது. நிறுத்தினதும் முன்பைவிட மோசமாக வந்தது. திரும்பப் பூசினேன், திரும்ப வந்தது. கடைசியில் டாக்டர் அந்த ட்யூபைத் திருப்பிப் பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்தார். மிக வீரியமான ஸ்டீராய்டு, பூஞ்சை மருந்து, ஆன்டிபயாடிக் மூன்றும் ஒன்றாகக் கலந்தது. பெரியவர்கள் முகத்தில்கூடப் போடக் கூடாதது. தோல் மெலிந்து நரம்பு தெரிய ஆரம்பித்திருந்தது. அதை நினைத்தால் இன்றும் மனது வலிக்கிறது.

ஆனால் டாக்டர் எழுதிக் கொடுக்கிற மென்மையான ஸ்டீராய்டு இது மாதிரி இல்லை. குழந்தைகளுக்குப் பெரும்பாலும் 1 சதவீத ஹைட்ரோகார்ட்டிசோனில் தொடங்குவார்கள். சொன்ன இடத்தில், சொன்ன நாள் வரை போட்டால் பாதுகாப்பானது. பயந்து பொட்டு மாதிரி வைத்தால் எரிச்சல் அடங்காது, அப்புறம் மாதக்கணக்கில் இழுக்கும்.

அளவுக்கு ஒரு சுலபமான வழி இருக்கிறது. உங்கள் ஆள்காட்டி விரல் நுனியிலிருந்து முதல் கோடு வரை ட்யூபைப் பிதுக்குங்கள். அது சுமார் அரை கிராம். உங்கள் இரண்டு உள்ளங்கையும் விரல்களும் சேர்ந்த அளவு இடத்துக்கு அது போதும். மூன்று முதல் ஆறு மாதக் குழந்தைக்கு முகமும் கழுத்தும் முழுக்க இருந்தால் ஒரு விரல் நுனி, ஒரு கைக்கு ஒன்று, ஒரு காலுக்கு ஒன்றரை. அளவு பார்ப்பது உங்கள் விரலில், குழந்தையின் விரலில் இல்லை. மாய்ஸ்சரைசருக்கும் இதற்கும் இடையில் அரை மணி நேரம் விடுங்கள், இல்லாவிட்டால் மருந்து கரைந்து வேண்டாத இடத்துக்கும் பரவும்.

படி 4: சின்னச் சின்ன உறுத்தல்கள்

இருபத்தெட்டாம் நாள் கட்டின அரைஞாண் கயிறு ஈரத்தோடு கிடந்து இடுப்பில் புண்ணாக்கும். கழற்றி வைக்கலாம், சாமி கோபித்துக்கொள்ளாது. ஜரிகைப் பட்டுப்பாவாடையைப் போட்டோ எடுக்கிற நேரத்துக்கு மட்டும் போடுங்கள், உள்ளே ஒரு பருத்திச் சட்டையோடு. புதுத் துணியைத் துவைத்துவிட்டுப் போடுங்கள், சோப்பு போக இரண்டு தடவை அலசுங்கள். நகத்தை வாரம் இரண்டு தடவை வெட்டுங்கள். வாய் வடிகிற குழந்தைக்குச் சாப்பாட்டுக்கு முன் உதட்டைச் சுற்றி ஜெல்லி தடவிவிட்டால் எச்சிலும் சாறும் தோலில் படாது.

ராத்திரி அரிப்பு கூடினால் தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியை ஐந்து நிமிடம் ஒற்றி, உடனே மாய்ஸ்சரைசர் பூசுங்கள். 'சொறியாதே' என்று அதட்டி ஒரு பயனும் இல்லை. கையில் ஒரு கிலுகிலுப்பையைக் கொடுங்கள்.

சாப்பாடு

கரப்பான் என்றதும் முட்டை, பால், கடலை எல்லாவற்றையும் நிறுத்தச் சொல்வார்கள். காரணம் இல்லாமல் நிறுத்தினால் குழந்தையின் வளர்ச்சிதான் குறையும். ஒன்றைச் சாப்பிட்ட இரண்டு மணி நேரத்துக்குள் உடம்பு தடித்தாலோ, உதடு வீங்கினாலோ, விடாமல் வாந்தி எடுத்தாலோ அது அலர்ஜி. அப்போது அந்தப் பொருளை நிறுத்தி டாக்டரிடம் போங்கள். மூச்சுத் திணறினால் நேரே ஆஸ்பத்திரி.

நிலக்கடலை பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். கடுமையான கரப்பானோ முட்டை அலர்ஜியோ இருந்த 640 குழந்தைகளை லண்டனில் 4 முதல் 11 மாத வயதிலிருந்து பின்தொடர்ந்தார்கள். சீக்கிரமே கடலை சாப்பிடத் தொடங்கியவர்களுக்கு ஐந்து வயதில் கடலை அலர்ஜி சுமார் 80 சதவீதம் குறைவாக இருந்தது. 2015-இல் வந்த முடிவு இது. தள்ளிப்போட்டால் பாதுகாப்பு என்று நாம் நினைத்ததற்கு நேர் எதிர். ஆனால் கரப்பான் கடுமையாக இருந்தால் டாக்டரிடம் கேட்டுத்தான் தொடங்க வேண்டும். முழுக் கடலை தொண்டையில் அடைக்கும், நைசாக அரைத்துக் கூழில் கலந்து மட்டுமே கொடுங்கள்.

ஆறிய பிறகு வெளிறிய திட்டு

கரப்பான் அடங்கின இடம் சில நாள் வெளுத்துத் தெரியும். வெண்குஷ்டமோ என்று எங்கள் வீட்டில் ஒரு நாள் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. அது இல்லை. மருந்து வெளுக்க வைத்ததாகவும் நினைத்து நிறுத்திவிடாதீர்கள். எரிச்சல் முழுதாக அடங்கிய பிறகு, சில மாதங்களில் நிறம் தானாகத் திரும்பும்.

எப்போது காத்திருக்கக் கூடாது

மஞ்சளாகப் பொருக்குத் தட்டி, சீழ் வைத்து, தொட்டால் சுட்டால் கிருமி ஏறியிருக்கிறது. அன்றே போங்கள். குத்தி எடுத்த மாதிரி ஒரே அளவில் கொப்புளங்கள் வேகமாகப் பரவி, காய்ச்சலும் வந்தால் ராத்திரியானாலும் போங்கள். அது உதட்டுப் புண்ணை உண்டாக்கும் ஹெர்பஸ் கிருமியாக இருக்கலாம், கண் பக்கம் வந்தால் இன்னும் ஆபத்து. உதட்டில் கொப்புளம் உள்ள யாரையும் குழந்தையை முத்தமிட விடாதீர்கள், தாத்தாவாக இருந்தாலும் சரி. இரண்டு வாரம் எல்லாம் சரியாகச் செய்தும் குழந்தை தூங்கவில்லை என்றாலும் காட்டத்தான் வேண்டும்.

பாலக்காட்டுக்குப் போனால் மலையாளம் வராதே என்று தயங்க வேண்டாம். 'கரப்பன்' என்றால் அங்கே புரியும், அரிப்புக்குச் 'சொறிச்சில்' என்று சொல்லுங்கள். இதுவரை பூசின ட்யூப், டப்பா, தைலக் குப்பி எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டு போங்கள், காலியானதையும் சேர்த்து. எனக்கு அந்தக் காலி ட்யூப்தான் காரணத்தைக் காட்டிக் கொடுத்தது.