தென்னாப்பிரிக்க அரசமைப்பு நீதிமன்றத்தின் தீர்ப்பை வாசிப்பது எப்படி?

வேற்று நாட்டு நீதிமன்றத் தீர்ப்பைக் கையில் எடுப்பவர்களில் பலர் முதல் பத்தியில் தொடங்கி, இருபதாவது பத்தியில் களைத்து, அப்படியே மூடி வைத்துவிடுகிறார்கள். தென்னாப்பிரிக்க அரசமைப்பு நீதிமன்றத்தின் தீர்ப்புகளுக்கு அந்தக் கதி நேர வேண்டியதில்லை. அவை இணையத்தில் கட்டணமின்றிக் கிடைக்கின்றன, பத்திக்குப் பத்தி எண்ணிடப்பட்டிருக்கின்றன, சட்டம் படிக்காதவருக்கும் பெரும்பாலும் புரியும் நடையில் எழுதப்பட்டிருக்கின்றன. அந்த நீதிமன்றம் எதற்காக உருவானது என்பதும், தீர்ப்பை எந்த முனையிலிருந்து பிடிப்பது என்பதும் தெரிந்தால் போதும்.

முதலில் வரலாறு. 1994 வரை அந்நாட்டில் நாடாளுமன்றமே மேலான அதிகாரம் கொண்டிருந்தது. வெள்ளையர் ஆதிக்கத்தில் இருந்த அந்த நாடாளுமன்றம் இயற்றிய இனஒதுக்கல் சட்டங்களுக்கு நீதிபதிகள் பொருள் கூறலாமே தவிர, ஒரு சட்டம் அநீதியானது என்பதற்காக அதைச் செல்லாததாக்க அவர்களுக்கு வழியில்லை. ஆகவே, இனஒதுக்கலை முடிவுக்குக் கொண்டுவந்த பேச்சுவார்த்தைகளில், அடிப்படை உரிமைகளைக் காக்கும் பொறுப்பைப் பழைய நீதிமன்றங்களிடம் மட்டும் விடாமல், புதியதொரு நீதிமன்றத்திடம் ஒப்படைப்பது என்று முடிவாயிற்று. 1994 ஏப்ரல் 27 அன்று நடைமுறைக்கு வந்த இடைக்கால அரசமைப்பு அதற்கு இடமளித்தது. 1995 பிப்ரவரி 14 அன்று நெல்சன் மண்டேலா நீதிமன்றத்தைத் தொடங்கிவைத்தார். தாம் கடைசியாக நீதிமன்றத்தில் நின்றது தமக்குத் தூக்கா இல்லையா என்பதைக் கேட்கத்தான் என்று அவர் அன்று நினைவுகூர்ந்தார். மறுநாள் அந்நீதிமன்றம் விசாரணைக்கு எடுத்த முதல் வழக்கு மரண தண்டனை செல்லுமா என்பதே.

அடுத்த ஆண்டு அதற்கு வாய்த்த வேலை இன்னும் அரிதானது. தேர்ந்தெடுக்கப்பட்ட பேரவை எழுதிய புதிய அரசமைப்பு, பேச்சுவார்த்தையில் ஒப்புக்கொண்ட 34 கோட்பாடுகளுக்கு இசைந்திருக்கிறதா என்று சான்றளிக்கும் பொறுப்பு அதனிடம் வந்தது. 1996 செப்டம்பரில் சான்றளிக்க மறுத்து, திருத்திய வடிவத்துக்கு டிசம்பரில்தான் இசைவு தந்தது. தன்னை உருவாக்கியவர்களின் கைச்சரக்கையே திருப்பி அனுப்பிய நீதிமன்றம் என்பதை மனத்தில் இருத்திக்கொண்டால், அதன் பிற்காலத் தீர்ப்புகளின் துணிவு வியப்பளிக்காது. 2004இல் அது குடிபுகுந்த கட்டடமும் ஜோகன்னஸ்பர்க்கின் பழைய கோட்டைச் சிறை வளாகத்திலேயே எழுந்தது. காந்தியும் மண்டேலாவும் அடைபட்டிருந்த அந்த இடத்தில், இடித்த சிறைப்பகுதியின் செங்கற்களைக் கொண்டே நீதிமன்றத்தின் உட்சுவரைக் கட்டினார்கள்.

இனி வாசிப்புக்கு வருவோம். முதல் தீர்ப்பாக மரண தண்டனை வழக்கை எடுக்க வேண்டாம். அது மிக நீளமானது. 2007 அக்டோபரில் தீர்ப்பு வெளிவந்த, பிள்ளை என்ற குடும்பப் பெயரால் அறியப்படும் வழக்கை எடுங்கள். டர்பன் நகரப் பள்ளி ஒன்றில் படித்த, தென்னிந்தியத் தமிழ் மரபில் வந்த மாணவி ஒருத்தி மூக்குத்தி அணிந்து வந்தாள். பள்ளியின் நடத்தை விதி அதற்கு இடமில்லை என்றது. பெண் பருவமடையும்போது மூக்குக் குத்தித் தங்க மூக்குத்தி அணிவிப்பதும், பதினாறு வயதில் பாட்டி அதை மாற்றி வைர மூக்குத்தி அணிவிப்பதும் தங்கள் குடும்ப வழக்கம் என்று தாய் வாதிட்டார். நமக்கு விளக்கம் தேவைப்படாத இந்தச் செய்தியை அந்த நீதிபதிகள் எவ்வளவு பொறுமையாகப் புரிந்துகொள்ள முயல்கிறார்கள் என்று பார்ப்பதே ஒரு நல்ல பயிற்சி.

முதல் பக்கத்தில் வழக்கு எண், தரப்பினர், விசாரித்த நாள், தீர்ப்பு நாள் ஆகியவை இருக்கும். அவற்றைக் குறித்துக்கொண்டு நேரே பெரும்பான்மைத் தீர்ப்பின் கடைசிப் பகுதிக்குப் போங்கள். நீதிமன்றத்தின் ஆணை அங்கேதான் இருக்கிறது. முடிவு தெரிந்தபின் வாசித்தால் வாதங்களின் எடை விளங்கும். பிள்ளை வழக்கின் ஆணை இரண்டு செய்திகளைச் சொல்கிறது: மாணவிக்கு விலக்களிக்க மறுத்தது நியாயமற்ற பாகுபாடு, சமய, பண்பாட்டு வழக்கங்களுக்கு நியாயமான இடம் தரும்படி பள்ளி தன் விதியைத் திருத்த வேண்டும். மாணவி அதற்குள் பள்ளிப் படிப்பை முடித்துச் சென்றுவிட்டாள் என்பதால், இனி இவ்வழக்கைத் தீர்ப்பதில் பயனுண்டா என்ற கேள்வியையும் நீதிமன்றம் எடுத்துப் பேசுகிறது. அந்தப் பகுதியைத் தாண்டிவிடாதீர்கள்.

பின்னர், வழக்கு எந்த வாசல் வழியாக வந்தது என்று பாருங்கள். மேல்முறையீட்டுக்கு அனுமதி கேட்டு வருவதே பொதுவழி. நாடாளுமன்றச் சட்டம் ஒன்றை உயர் நீதிமன்றம் செல்லாது என்று அறிவித்தால், அரசமைப்பு நீதிமன்றம் உறுதிசெய்யும்வரை அந்த அறிவிப்புக்கு வலுவில்லை என்பதால், உறுதிப்படுத்தலுக்காக வருபவை இன்னொரு வகை. நேரடியாக வருவதற்கும் இடமுண்டு, ஆனால் அனுமதி அரிது. 2013க்கு முந்தைய தீர்ப்புகளில் ‘இது அரசமைப்புச் சார்ந்த விவகாரமா’ என்ற வாதம் நீளமாக நடப்பதைக் காண்பீர்கள். அவ்வாண்டு நடைமுறைக்கு வந்த அரசமைப்பின் 17ஆம் திருத்தம் அந்த நீதிமன்றத்தை எல்லா வகை வழக்குகளுக்கும் உச்ச நீதிமன்றமாக்கிவிட்டது.

நீதிபதிகள் 11 பேர். மீண்டும் பெற முடியாத 12 ஆண்டுப் பதவி. 70 வயது முன்னதாக வந்தால் அத்துடன் முடியும் என்பது பொதுவிதி. எழுதியவர் யார், உடன்பட்டவர்கள் யார் என்று தாளில் ஓரமாகக் குறித்துக்கொள்ளுங்கள். மூக்குத்தி வழக்கில் பெரும்பான்மைத் தீர்ப்பைத் தலைமை நீதிபதி பயஸ் லங்கா எழுதினார். கட்டாயமில்லாமல் விரும்பிக் கடைப்பிடிக்கும் வழக்கத்துக்கும் பாதுகாப்பு உண்டு என்பது அவர் நிலைநாட்டிய கருத்து. என் கணிப்பில் அத்தீர்ப்பின் உயிர்நாடி அதுவே. நீதிபதி கேட் ஓரீகன் எழுதிய தனித் தீர்ப்பு, இதைச் சமயத்தைவிடப் பண்பாட்டு உரிமையாகவே அணுகுகிறது. இரண்டையும் அடுத்தடுத்து வாசித்தால், காரணங்கள் எங்கே பிரிகின்றன என்பது துலங்கும்.

உரிமை வழக்குகள் பெரும்பாலானவற்றில் அரசமைப்பின் 36ஆம் பிரிவு என்ற பெயர் திரும்பத் திரும்ப வரும். உரிமையைக் கட்டுப்படுத்தலாம், ஆனால் அந்தக் கட்டுப்பாடு மனித மாண்பு, சமத்துவம், சுதந்திரம் ஆகியவற்றில் ஊன்றிய மக்களாட்சியில் நியாயப்படுத்தத்தக்கதாக இருக்க வேண்டும் என்பதே அதன் சாரம். உரிமை மீறப்பட்டதா, மீறப்பட்டிருந்தால் அது நியாயமா என்று இரண்டு படிகளாகப் பிரித்து வாசியுங்கள். அதன்பின் பரிகாரத்தைக் கவனியுங்கள். சட்டத்தைச் செல்லாது என்று அறிவித்தும், திருத்துவதற்கு நாடாளுமன்றத்துக்குக் காலம் தருவது அங்கே வழக்கம். ஒருபாலினத் திருமணம் குறித்து 2005 டிசம்பரில் வந்த தீர்ப்பு 12 மாதக் கெடு கொடுத்தது. 2006 நவம்பரில் புதிய சட்டம் நடைமுறைக்கு வந்தது.

இவ்வளவும் பழகியபின் மரண தண்டனை வழக்குக்குப் போகலாம். 1995 ஜூன் 6 அன்று வந்த அத்தீர்ப்பில் 11 நீதிபதிகளும் ஒருமித்த முடிவுக்கு வந்தும் தனித்தனியே எழுதினார்கள். எல்லாவற்றையும் வாசிக்க வேண்டியதில்லை. தலைவர் ஆர்தர் சாஸ்கல்சன் எழுதியதையும், உபுண்டு என்ற ஆப்பிரிக்க மனிதநேயக் கருத்தை விரித்துரைக்கும் நீதிபதி இவோன் மொகோரோவின் பகுதியையும் வாசியுங்கள். இந்திய உச்ச நீதிமன்றம் 1980இல் மரண தண்டனையை ஏற்ற பச்சன் சிங் வழக்கைச் சாஸ்கல்சன் அங்கே எடுத்து ஆராய்கிறார். அந்த இடத்தில் இந்திய அரசமைப்பின் 21ஆம் உறுப்பைப் பக்கத்தில் விரித்து வைத்துக்கொள்ளுங்கள்: சட்டம் வகுத்த நடைமுறைப்படியன்றி எவரது உயிரையும் பறிக்கலாகாது என்கிறது அது. தென்னாப்பிரிக்க வாசகமோ, ஒவ்வொருவருக்கும் உயிர் வாழும் உரிமை உண்டு என்பதோடு முற்றுப்புள்ளி வைத்துவிடுகிறது.