மேல்நிலைத் தொட்டித் தண்ணீரை எல்லாக் குழாய்களுக்கும் சமன் செய்வது எப்படி, அதற்கு எவ்வளவு செலவாகும்?

திருநெல்வேலி, பாளையங்கோட்டை, அம்பாசமுத்திரம் என எந்த ஊரானாலும், கீழ்த்தளம் கட்டிச் சில ஆண்டுகள் கழித்து மாடி எடுத்த வீடுகளில் ஒரே குறையைக் கேட்கலாம். புறவாசல் குழாயைத் திறந்தால் வாளி சட்டென்று நிரம்புகிறது; மாடிக் குளியலறையிலோ தண்ணீர் நூலாக இறங்குகிறது; அடுக்களையில் யாராவது பாத்திரம் கழுவத் தொடங்கினால் அந்த நூலும் அறுந்துவிடுகிறது. இதற்கு எல்லோரும் உடனே சொல்லும் தீர்வு பிரஷர் பம்ப். பம்பின் விலை, அதைப் பொருத்தும் கூலி, மின் இணைப்பு வேலை ஆகியவற்றைச் சேர்த்தால் பெரும்பாலும் பத்தாயிரம் ரூபாயைத் தாண்டிவிடும். பல வீடுகளில் அந்தச் செலவு தேவையே இல்லை. தொட்டியிலிருந்து இறங்கும் தண்ணீர் போதிய அளவில்தான் இருக்கிறது. அதன் பங்கீடுதான் சரியில்லை.

தாமிரபரணிக் கால்வாய்களைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். தலைமடை முழுவதும் திறந்து கிடக்கும்போது அணையில் எவ்வளவு கூடுதலாகத் திறந்துவிட்டாலும், அதிலும் பெரும்பங்கைத் தலைமடை வயல்களே எடுத்துக்கொள்ளும். கடைமடைக்குத் தண்ணீர் சேர வேண்டுமானால் தலைமடையைச் சற்றுத் தாழ்த்தத்தான் வேண்டும். வீட்டுக் குழாய்களைச் சமன் செய்வது என்பதும் இவ்வளவுதான்: அதிகம் எடுக்கும் கிளையை அளந்து குறைத்து, குறைவாகப் பெறும் கிளைக்கு வழிவிடுவது.

தொடங்குமுன் தெரிந்திருக்க வேண்டிய கணக்கு

நம் வீடுகளில் குழாய்த் தண்ணீருக்கு அழுத்தம் கொடுப்பது உயரம் மட்டுமே. தொட்டியின் நீர்மட்டம் குழாய் வாயிலிருந்து 10 மீட்டர் உயரத்தில் இருந்தால் சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 1 கிலோ அழுத்தம் கிடைக்கும். 10 அடி என்றால் 0.3 கிலோதான். கீழ்த்தளக் குழாய்க்குத் தொட்டி 18 அடி உயரத்திலும் மாடி ஷவருக்கு 6 அடி உயரத்திலும் இருக்குமானால், மாடிக்கு மூன்றில் ஒரு பங்கு அழுத்தமே வருகிறது. ஆனால் வேகம் அழுத்தத்தோடு நேராகக் கூடுவதில்லை, அதன் வர்க்கமூலத்தோடுதான் கூடுகிறது. ஆகவே தண்ணீரின் அளவை இரண்டு மடங்காக்க விரும்புபவர் உயரத்தை நான்கு மடங்காக்க வேண்டியிருக்கும். தொட்டியை இரண்டடி தூக்கி வைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று பீடம் கட்டச் சொல்பவர்கள் இதையும், 1000 லிட்டர் தொட்டி நிறைந்தால் தண்ணீர் மட்டுமே ஒரு டன் எடை என்பதையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

குழாயின் அகலம் உயரத்தைவிடப் பெரிய வேலை செய்கிறது. விட்டம் இரண்டு மடங்கானால் குறுக்குப் பரப்பு நான்கு மடங்காகிறது. உராய்வும் குறைவதால், அதே அழுத்தத்தில் அந்தக் குழாய் ஏறத்தாழ ஆறு மடங்கு தண்ணீரைக் கடத்துகிறது. ஒன்றரை அங்குலத்தில் இறங்கும் குழாய் வரி (லைன்) அரை அங்குலத்துக்குச் சுருங்கி மாடிக் குளியலறைக்குப் போயிருந்தால், குறை அங்கேதான் இருக்கிறது.

குளிர்நாடுகளில் இருக்கும் நம் உறவினர்கள் வீட்டில், வெந்நீரால் அறைகளைச் சூடாக்கும் ரேடியேட்டர்களைச் சமன் செய்யும் காணொளிகளைப் பார்த்துவிட்டு அதே முறையை இங்கே பரிந்துரைப்பதுண்டு. அடிப்படை ஒன்றுதான்: கொதிகலனுக்கு அருகிலுள்ள ரேடியேட்டரின் வால்வைக் குறைத்தால் கடைசி அறை சூடாகும். ஆனால் அங்கே தண்ணீர் மூடிய சுற்றில் போய்த் திரும்புவதால் ஏறும் உயரமும் இறங்கும் உயரமும் ஒன்றையொன்று ஈடுசெய்துவிடுகின்றன. பம்ப் உராய்வை மட்டும் வென்றால் போதும். நம்முடையது திறந்த அமைப்பு. இங்கே உயரத்தைக் கணக்கில் கொள்ளாத எந்த அறிவுரையும் பயன்படாது.

முதல் படி: வரைந்துகொள்ளுங்கள்

மொட்டை மாடிக்குச் சென்று, தொட்டியிலிருந்து எத்தனை வரிகள் இறங்குகின்றன, எந்த வரியில் எந்த வால்வு இருக்கிறது, எது எங்கே போகிறது என்பதை ஒரு தாளில் வரையுங்கள். ஒவ்வொரு வால்வையும் மூடி, எந்தக் குழாய் நிற்கிறது என்று வீட்டில் ஒருவரைப் பார்க்கச் சொன்னால் வரைபடம் உறுதியாகும். ஆற்றுத் தண்ணீருக்கு ஒரு தொட்டி, போர்த் தண்ணீருக்கு ஒரு தொட்டி என்று வைத்திருக்கும் வீடுகளில் இரண்டையும் தனித்தனியாக வரைய வேண்டும். நெடுநாள் திருப்பாத கேட் வால்வை (உள்ளே தகடு ஏறி இறங்கும் வகை) பலங்கொண்டு திருப்பக் கூடாது. தண்டு முறிந்தால் வால்வையே மாற்ற வேண்டிவரும். சிறிது எண்ணெய் விட்டு, முன்னும் பின்னுமாக மெல்ல அசைத்துத் தளர்த்துங்கள்.

இரண்டாம் படி: அடைப்பை நீக்குங்கள்

இந்தப் படியைத் தவிர்த்துவிட்டு அளக்கத் தொடங்கினால் பிறகு செய்யும் எல்லாமே வீணாகும். குழாய் நுனியிலுள்ள சல்லடையைக் கழற்றிப் பாருங்கள். மணலும் பிளாஸ்டிக் துகளும் தங்கியிருக்கும். ஷவர் தலையின் துளைகளில் உப்புப் படிந்திருந்தால், அதைக் கழற்றி வினிகரில் ஓர் இரவு ஊறவைத்துப் பழைய பல் துலக்கியால் தேய்க்கலாம். ராதாபுரம், திசையன்விளைப் பக்கம் கடினமான போர்த் தண்ணீரை நம்பியிருக்கும் வீடுகளில் இந்த வேலை மட்டுமே குறையைப் பாதியாக்கிவிடக்கூடும். பழைய இரும்புக் குழாய் போட்ட வீடானால் உள்ளே துரு ஏறிச் சுருங்கியிருக்கும். அதைச் சுத்தம் செய்ய வழியில்லை, மாற்றத்தான் வேண்டும்.

தொட்டி முழுவதும் காலியாகி மீண்டும் நிரம்பிய பிறகுதான் குறை தொடங்கியது என்றால், குழாய்க்குள் காற்று அடைத்திருக்க வாய்ப்பு அதிகம். வால்வுக்குப் பின்னால் இறங்கும் வரியில் ஒரு செங்குத்துக் காற்றுக் குழாயை இணைத்து, தொட்டியின் மேல்மட்டத்தைவிட உயர்த்தி, வாயைத் திறந்துவிட்டால் காற்று தானே வெளியேறும். புதிய வீடு கட்டுபவர்கள் இதை எந்தக் காரணத்துக்காகவும் விட்டுவிடக் கூடாது. சில அடிக் குழாயும் ஒரு ‘டீ’ இணைப்பும் (T வடிவ மூவழி இணைப்பு) மட்டுமே செலவு.

மூன்றாம் படி: அளங்கள்

ஒரு வாளியில் 10 லிட்டர் மட்டத்தில் கோடு போட்டுக்கொள்ளுங்கள். தொட்டி பாதி நிறைந்திருக்கும் வேளையில் அளப்பது நல்லது. நீர்மட்டம் நான்கடி இறங்குவது கீழ்த்தளத்துக்குப் பெரிதாகத் தெரியாது. தொட்டியின் அடிமட்டத்திலிருந்து ஐந்தடி மட்டுமே தாழ்ந்திருக்கும் மாடி ஷவருக்கோ, நிறைந்த தொட்டிக்கும் காலியாகப்போகும் தொட்டிக்கும் இடையே மூன்றில் ஒரு பங்கு வரை வேறுபாடு காட்டும்.

முதலில் ஒவ்வொரு குழாயையும் தனியாகத் திறந்து, வாளி நிரம்ப எத்தனை நொடி ஆகிறது என்று கைப்பேசியில் நேரம் பாருங்கள். பிறகு வழக்கமாக ஒரே நேரத்தில் பயன்படும் எல்லாக் குழாய்களையும் திறந்துவைத்து, ஒவ்வொன்றையும் மீண்டும் அளங்கள். எடுத்துக்காட்டாக, மாடிக் குளியலறைக் குழாய் தனியாகத் திறந்தால் 80 நொடியிலும், மற்றவை திறந்திருக்கும்போது 240 நொடியிலும் வாளியை நிரப்புவதாகவும், புறவாசல் குழாய் தனியாக 25 நொடியும் மற்றவற்றோடு 30 நொடியும் எடுப்பதாகவும் வைத்துக்கொள்வோம். முதல் குழாய் நிமிடத்துக்கு 7.5 லிட்டரிலிருந்து 2.5 லிட்டருக்கு வீழ்கிறது. இரண்டாவது ஏறத்தாழ அசையவே இல்லை. இது பங்கீட்டுக் குறை, சமன் செய்தால் தீரும்.

மாறாக, மாடிக் குழாய் தனியாகத் திறந்தபோதே 200 நொடி எடுத்தால், அது உயரக் குறை, அடைப்பு, அல்லது குறுகிய குழாய். எந்த வால்வைத் திருப்பியும் பயனில்லை. செலவு செய்வதற்கு முன் இந்த வேறுபாட்டைக் கண்டறிவதற்காகவே இவ்வளவு அளவும். பிளம்பரை அழைப்பதானாலும் இந்த எண்களை அவர் கையில் கொடுங்கள். ‘மாடியில் தண்ணீர் வரவில்லை’ என்று மட்டும் சொன்னால் பம்ப்தான் பதிலாக வரும்.

நான்காம் படி: குறையுங்கள்

மிகக் குறைவாகத் தண்ணீர் பெறும் குழாயின் வரியில் உள்ள எல்லா வால்வுகளையும் முழுவதும் திறந்துவிடுங்கள். இனி அதைத் தொட வேண்டாம். பிறகு, அதிகம் எடுக்கும் குழாயிலிருந்து தொடங்குங்கள். வாஷ் பேசின், சிங்க், ஃபிளஷ் தொட்டி ஆகியவற்றின் கீழே சுவரில் இருக்கும் ஆங்கிள் காக் என்னும் சிறு வால்வை, அது இல்லாத குழாய்க்கு அந்தக் கிளையின் வால்வை, சிறிது சிறிதாக (ஆங்கிள் காக்கானால் கால் சுற்றுக் கால் சுற்றாக) மூடி, ஒவ்வொரு முறையும் கடைசிக் குழாயின் அளவைப் பாருங்கள். ஒரு கிளையைக் குறைத்தால் அந்தத் தண்ணீர் மற்ற எல்லாக் கிளைகளுக்கும் பரவும் என்பதால், முதலில் சரிசெய்த குழாய் பிறகு சற்று மாறியிருக்கும். எனவே முழுச் சுற்றையும் இரண்டாம் முறை செய்வது அவசியம். எல்லாக் குழாய்களிலும் ஒரே நேரம் வர வேண்டும் என்று எண்ண வேண்டாம். எடுத்துக்காட்டு வீட்டில் புறவாசல் 60 நொடிக்கும் மாடி 110 நொடிக்கும் வந்துவிட்டால், இருவர் ஒரே நேரத்தில் குளிக்கவும் துவைக்கவும் அது போதும்.

வால்வின் வகையையும் கவனியுங்கள். பால் வால்வை (உள்ளே துளையுள்ள உருண்டை சுழலும் வகை) முதல் பாதி மூடும் வரை பெரிய மாற்றம் தெரியாது. கடைசிப் பகுதியில்தான் சட்டென்று குறையும். ஆகவே அதைப் பொறுமையாக, விரலளவு விரலளவாக நகர்த்த வேண்டும். கேட் வால்வு திறக்கவும் மூடவும் மட்டுமே ஏற்றது. பாதியில் நிறுத்தி வைத்தால் அதிரும், நாளடைவில் தேயும். அளவு கட்டுப்படுத்துவதற்கென்றே உள்ளது குளோப் வால்வு. ஆனால் முழுவதும் திறந்திருந்தாலும் அது தண்ணீரை ஓரளவு தடுக்கும். எனவே நலிந்த கிளையில் அதைப் போடக் கூடாது, வலுத்த கிளையில் மட்டும் போடலாம்.

செலவு

ஆங்கிள் காக்குகள் ஏற்கெனவே இருந்தால், வினிகர் புட்டியைத் தவிர வேறு செலவு இல்லை. வலுத்த கிளையில் வால்வே இல்லையென்றால் ஒன்று பொருத்த வேண்டும். ஓர் அங்குலப் பிளாஸ்டிக் பால் வால்வு ஏறத்தாழ நூறிலிருந்து இருநூற்றைம்பது ரூபாய்க்கும், பித்தளையில் நானூறிலிருந்து எண்ணூறு ரூபாய்க்கும் கிடைக்கும். பசை, யூனியன் (கழற்றி மாட்டக்கூடிய இணைப்பு), டெஃப்லான் டேப் ஆகியவற்றுக்கு இன்னும் ஓரிருநூறு. பிளம்பரின் நாள் கூலி ஆயிரம் ரூபாயை ஒட்டி இருக்கும். ஒரு வால்வுக்காக மட்டும் அவரை அழைப்பதைவிட, வரைபடத்தில் கண்ட எல்லாக் குறைகளையும் ஒரே நாளில் முடித்துக்கொள்வதே சிக்கனம். கடைக்குக் கடை விலை மாறுவதால் இரண்டு இடங்களில் கேட்டு வாங்குங்கள். யூனியனை மட்டும் மிச்சம் பிடிக்க வேண்டாம்; அது இல்லாமல் வால்வைப் பசை போட்டு ஒட்டிவிட்டால், பின்னாளில் அது பழுதாகும்போது குழாயை அறுக்க வேண்டியிருக்கும்.

அடுத்த கட்டச் செலவு, மாடிக் குளியலறைக்குத் தொட்டியிலிருந்து ஓர் அங்குலத்தில் தனி வரி இழுப்பது. வெளிச்சுவரோடு இறக்கினால் சுவரை உடைக்க வேண்டியதில்லை; குழாயும் ஒருநாள் கூலியும் சேர்ந்து பெரும்பாலும் பம்பின் விலையில் பாதிக்குள் அடங்கும், மின்சாரமும் கேட்காது. உயரம் ஆறடிக்கு மேல் கிடைக்கும் வீடுகளுக்கு என் பரிந்துரை இதுவே. உயரம் மூன்று நான்கு அடிதான், பெரிய மழை ஷவர்தான் வேண்டும் என்பவர்களுக்கு மட்டும் பம்ப் நியாயமான செலவு.

சூரிய வெந்நீர் வைத்திருப்பவர்களுக்கு

வெந்நீர் வரியையும் இதே வாளியால் அளக்கலாம். ஆனால் வெயில் நாளில் தண்ணீர் கை வெந்துபோகும் சூட்டில் வரும் என்பதால் குழந்தைகளை விலக்கி வைத்து, விடியற்காலையில் அளங்கள். வெந்நீர் வர நேரமாகிறது என்று வரியை அகலமாக்குவது தவறு. முக்கால் அங்குல சிபிவிசி (வெந்நீரைத் தாங்கும் பிளாஸ்டிக்) குழாயில் ஒவ்வொரு மீட்டருக்கும் ஏறத்தாழ கால் லிட்டர் ஆறிய தண்ணீர் நிற்கும்; 15 மீட்டர் தொலைவானால் 4 லிட்டர் வடிந்த பிறகே சூடு வரும். ஓர் அங்குலமாக்கினால் அது ஆறு லிட்டருக்கு மேல் போய்விடும். தூரத்தைக் குறைப்பதும் குழாய்க்கு வெப்பக்காப்பு உறை போடுவதும்தான் வழி.

கண்ணாடிக் குழாய் வகை சூரிய வெந்நீர்த் தொட்டிகளில் பெரும்பாலானவை காற்றோட்டக் குழாயுடன் கூடியவை, அழுத்தத்தைத் தாங்குவதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. ஆகவே பம்பை அவற்றின் நுழைவாயிலில் பொருத்தக் கூடாது. குளிர்நீர் வரிக்கு மட்டும் பம்ப் வைத்தாலும், வெந்நீரையும் குளிர்நீரையும் கலந்து தரும் மிக்ஸர் குழாயில் குளிர்நீரின் அழுத்தம் மேலோங்கி வெந்நீரைப் பின்னோக்கித் தள்ளும். குளிப்பவருக்குச் சூடு வராது, மாடியில் காற்றுக் குழாய் வழியே தண்ணீர் வழியும். பம்ப் வாங்கியே தீர வேண்டும் என்றால், இரண்டு வரிகளுக்கும் ஒத்த அழுத்தம் கிடைக்குமாறு அமைத்து, வெந்நீர்ப் பக்கத்துக்கு அந்தச் சூட்டைத் தாங்கும் பம்பைத் தொட்டியின் வெளிவாயிலுக்குப் பின்னால் வைத்து, மிக்ஸருக்கு முன் இரு வரிகளிலும் பின்னோட்டம் தடுக்கும் வால்வைப் போடச் சொல்லுங்கள். விலை கேட்கும்போதே இவை அனைத்தையும் சேர்த்துக் கேளுங்கள்.

எல்லாம் முடிந்ததும், ஒவ்வொரு வால்வின் கைப்பிடி நிலையையும் அழியாத மையால் குழாயிலேயே குறித்துவிடுங்கள். தொட்டி கழுவ வருபவர் வால்வை மூடித் திறந்தாலும், குறித்த இடத்துக்கே திருப்பி வைக்கலாம்.