ஆங்கில ஒத்த சொற்களைப் பழகுவது எப்படி? சயான் ரயிலில் நான் பழகிய முறை

நான் மும்பையில் ஏற்றுமதி இறக்குமதிச் சரக்குகளைக் கையாளும் ஓர் அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். தாராவியில் மாநகராட்சியின் தமிழ்வழிப் பள்ளியில் தொடங்கிய படிப்பு என்பதால் வீட்டில் தமிழும் தெருவில் இந்தியும் இயல்பாக வந்தன. ஆங்கிலம் மட்டும் அலுவலக மின்னஞ்சல் வழியாகத்தான் என்னிடம் வந்து சேர்ந்தது. சில ஆண்டுகளுக்கு முன், வெளிநாட்டு வாடிக்கையாளர் ஒருவரிடம் திருத்திய இன்வாய்ஸ் கேட்டு எழுதும்போது, ஒரே கடிதத்தில் 'ஆஸ்க்' என்ற சொல் மூன்று முறை வந்துவிட்டதே என்று கூச்சப்பட்டு, இணையத்தில் அதற்கு ஒத்த சொற்களைத் தேடி, பட்டியலில் கண்ணில் பட்ட 'டிமாண்ட்' என்பதை எடுத்துப் போட்டேன். 'வி டிமாண்ட் த ரிவைஸ்டு இன்வாய்ஸ்' என்று போன அந்தக் கடிதத்துக்கான பதில் எனக்கு வரவில்லை; நேராக என் மேலாளருக்குப் போயிற்று. நான் பணிவாகக் கேட்டதாக நினைத்துக்கொண்டிருந்தேன். அவர்களோ அதட்டிக் கேட்டதாக எடுத்துக்கொண்டார்கள்.

அந்த நாளுக்குப் பிறகு ஒத்த சொற்களைப் படிக்கும் முறையையே மாற்றிக்கொண்டேன். அந்த முறையைத்தான் இங்கே எழுதுகிறேன். எளிய ஆங்கில வாக்கியங்களைப் படிக்கத் தெரிந்தவர்களுக்கு இது போதும். இந்தப் பதிவில் ஆங்கிலச் சொற்களைத் தமிழ் எழுத்தில் தந்திருக்கிறேன். பழகுவதற்காக நான்காம் படியில் நீங்கள் எழுதப்போகும் அட்டைகளில் அவற்றை ஆங்கில எழுத்திலேயே எழுதுங்கள்.

முதல் படி: உங்கள் கடிதங்களிலிருந்தே சொற்களை எடுங்கள்

'தினம் பத்துச் சொற்கள்' என்று விற்கும் புத்தகங்களை ஒதுக்கிவைத்துவிட்டு, நீங்கள் கடைசியாக அனுப்பிய இருபது மின்னஞ்சல்களையோ வாட்ஸ்அப் செய்திகளையோ எடுத்துக்கொண்டு, திரும்பத் திரும்ப வரும் சொற்களைப் பேனாவால் சுழியுங்கள். என் கடிதங்களில் 'குட்', 'பிக்', 'ப்ராப்ளம்', 'செக்', 'டெல்' ஆகிய ஐந்தும் பக்கத்துக்குப் பக்கம் வந்தன. வாரத்துக்கு இரண்டு சொற்கள் போதும். ஒவ்வொன்றுக்கும் மூன்று ஒத்த சொற்கள் சேர்ந்தால் அதுவே ஆறு ஆகிவிடுகிறது.

இரண்டாம் படி: தெசாரஸை மூடிவிட்டு அகராதியைத் திறங்கள்

இதில் எனக்கு உறுதியான கருத்து உண்டு. ரோஜே என்ற ஆங்கில மருத்துவர் 1852-இல் வெளியிட்ட தெசாரஸ் என்ற ஒத்த சொற்களின் தொகுப்பு, சொற்களை அகர வரிசையில் அடுக்காமல் பொருள் வாரியாகத் தொகுத்தது. அதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே நம் திவாகர நிகண்டு, தெய்வப் பெயர், மக்கட் பெயர், விலங்கின் பெயர் என்று 12 தொகுதிகளாகப் பிரித்துச் செய்ததும் ஏறக்குறைய இதே வேலையைத்தான். இரண்டுமே மொழியை ஏற்கெனவே அறிந்தவருக்காக எழுதப்பட்டவை. எதுகைக்கும் மோனைக்கும் சொல் தேடும் புலவருக்கு நிகண்டு போதும், ஏனென்றால் எந்தச் சொல் எங்கே ஒட்டும் என்பது அவருக்குச் சொல்லித் தெரியவேண்டியதில்லை. தமிழை நேற்றுக் கற்கத் தொடங்கிய ஒருவர் அதே பட்டியலை வைத்துக்கொண்டால், 'எங்கள் வீட்டுக் கோழி இயற்கை எய்தியது' என்று எழுதுவார். நான் 'டிமாண்ட்' என்று எழுதியதும் அந்தக் கோழிக் கதைதான்.

ஆகவே கற்பவர்களுக்கென்று தயாரிக்கப்பட்ட அகராதியைப் பயன்படுத்துங்கள். நான் விரும்புவது லாங்மன் அகராதி. 1978-இல் முதற்பதிப்பு வந்தபோதிருந்தே, விளக்கங்களை ஏறத்தாழ 2000 எளிய சொற்களுக்குள் எழுதுவது அதன் கொள்கை. ஆகவே ஒரு சொல்லின் பொருளைப் பார்க்கப்போய் அந்த விளக்கத்திலிருக்கும் இன்னொரு சொல்லுக்குப் பொருள் தேடும் துன்பம் குறைவு. அதன் இணையதளத்தை இலவசமாகப் பார்க்கலாம். அங்கே விளக்கத்தை விட எடுத்துக்காட்டு வாக்கியங்களைத்தான் முக்கியமாகப் படிக்க வேண்டும். ஒரு சொல்லுக்கு மூன்று ஒத்த சொற்களுக்கு மேல் எடுக்காதீர்கள்.

மூன்றாம் படி: வேறுபாட்டைக் கண்டுபிடியுங்கள்

நான் வழுக்கி விழுந்த இடம் இது என்பதால் இங்கே சற்று அதிக நேரம் நிற்கப்போகிறேன். பெரும்பாலானோர் நோட்டுப்புத்தகத்தில் 'பிக்', சமக்குறி, 'லார்ஜ்', சமக்குறி, 'கிரேட்' என்று எழுதி மனப்பாடம் செய்கிறார்கள். அந்தச் சமக்குறியை அடித்துவிடுங்கள். 'மை பிக் பிரதர்' என்றால் என் அண்ணன். 'மை லார்ஜ் பிரதர்' என்றால் உடல் பருத்த என் சகோதரன். ஒவ்வொரு சொல்லையும் கையில் எடுத்ததும் சில கேள்விகளைக் கேட்க வேண்டும்.

யார் யாரிடம் சொல்கிறார்கள், எவ்வளவு அழுத்தத்தோடு சொல்கிறார்கள் என்பது முதல் கேள்வி. 'ரிக்வெஸ்ட்' என்பதில் பணிவு இருக்கிறது, 'ஆஸ்க்' நடுநிலையாக நிற்கிறது, 'டிமாண்ட்' என்பதில் தராவிட்டால் பார்த்துக்கொள்வோம் என்ற தொனி வந்துவிடுகிறது.

அடுத்தது, எந்தச் சபையில் சொல்கிறார்கள் என்பது. 1066-இல் பிரெஞ்சு பேசிய நார்மன்கள் இங்கிலாந்தைக் கைப்பற்றிய பிறகு அரசவையிலும் நீதிமன்றத்திலும் பிரெஞ்சு நீண்டகாலம் கோலோச்சியது. தேவாலயத்திலும் கல்வியிலும் இலத்தீன் இருந்தது. அதனால் ஆங்கிலத்தில் ஒரே செயலுக்கு மண்ணின் சொல் ஒன்று, பிரெஞ்சு வழியாக வந்தது ஒன்று, இலத்தீனிலிருந்து எடுத்தது ஒன்று என்று பல இடங்களில் மூன்று சொற்கள் வரிசையாக நிற்கின்றன: 'ஆஸ்க்', 'கொஸ்டின்', 'இன்டராகேட்'. மண்ணின் சொல் பெரும்பாலும் குட்டையாகவும் வீட்டுப் பேச்சுக்கு உரியதாகவும் இருக்கும். கடன் வாங்கிய சொல் நீளமாகவும் விறைப்பாகவும் இருக்கும். நமக்கு இது புதிதல்ல. கடைக்காரரிடம் விலையைக் கேட்கிறோம். காவல் நிலையத்தில் விசாரிக்கிறார்கள். கேட்பதற்கும் விசாரணைக்கும் உள்ள தூரம் 'ஆஸ்க்' என்பதற்கும் 'இன்டராகேட்' என்பதற்கும் உண்டு.

மூன்றாவது கேள்வி, பக்கத்தில் எந்தச் சொல் வரும் என்பது. ஜூலை மாதத்து மும்பை மழையை 'ஹெவி ரெயின்' என்பார்கள். 'ஸ்ட்ராங் ரெயின்' என்றால் காதில் உறுத்தும். காற்றுக்கு 'ஸ்ட்ராங்' பொருந்தும். தேநீருக்கும் அதுவேதான், 'பவர்ஃபுல் டீ' என்று யாரும் சொல்வதில்லை. இதற்குக் காரணம் தேடிப் பயனில்லை. ஜோடியாகவே மனத்தில் ஏற்ற வேண்டியதுதான்.

கடைசிக் கேள்வியைத்தான் நான் நெடுநாள் கவனிக்காமல் இருந்தேன்: அந்தச் சொல் வாக்கியத்தில் எப்படி உட்காருகிறது? 'டெல் மீ' சரி, 'சே மீ' தவறு. 'சே டு மீ' என்றுதான் வரும். 'அட்வைஸ் மீ' சரி, 'சஜெஸ்ட் மீ எ ஹோட்டல்' என்று நம் ஊர்களில் தினமும் கேட்டாலும் 'சஜெஸ்ட் எ ஹோட்டல் டு மீ' என்பதே இலக்கணம். 'டாக்' என்பதற்குப் பின் 'அபௌட்' வரும். அதே பொருள்தானே என்று 'டிஸ்கஸ்' என்பதற்குப் பின்னாலும் 'அபௌட்' போட்டால் பிழையாகிவிடும். பொருளில் நெருங்கிய இரண்டு சொற்கள் இலக்கணத்தில் இப்படி விலகி நிற்பதை எந்த ஒத்த சொற்பட்டியலும் உங்களுக்குச் சொல்லாது.

தமிழர்களுக்கென்றே ஒரு கூடுதல் சிக்கல் உண்டு. கிரிக்கெட் பார்க்கிறோம், டாக்டரைப் பார்க்கிறோம், கணக்கையும் பார்க்கிறோம். நம்மிடம் எல்லாவற்றுக்கும் ஒரே 'பார்'தான். ஆங்கிலத்தில் கிரிக்கெட்டுக்கு 'வாட்ச்', டாக்டருக்கு 'சீ', கணக்குக்கு 'லுக் அட்' அல்லது 'செக்'. 'வாட்ச் எ டாக்டர்' என்றால் டாக்டரை நோட்டம் விடுகிறீர்கள் என்று பொருள்படும்.

நான்காம் படி: அட்டை எழுதுங்கள்

அட்டையின் முன்பக்கத்தில் ஒரு வாக்கியத்தை எழுதி, பழக வேண்டிய சொல் வரும் இடத்தை வெற்றாக விட்டு, அதன் முதல் எழுத்தை மட்டும் தாருங்கள். பின்பக்கத்தில் அந்தச் சொல்லையும், மற்ற ஒத்த சொற்கள் ஏன் அங்கே பொருந்தவில்லை என்ற காரணத்தை ஒரே வரியிலும் எழுதுங்கள். 'இட் வாஸ் எ ஹெ... ரெயின்' என்று முன்பக்கத்தில் இருந்தால், பின்பக்கத்தில் 'ஹெவி. ஸ்ட்ராங் என்பது காற்றுக்கு' என்று இருக்கும். அந்த ஒரு வரிக் காரணத்தைத் தமிழிலேயே எழுதலாம். நானும் அப்படித்தான் எழுதுகிறேன்.

ஆனால் சொல்லுக்கு நேராகத் தமிழ்ப் பொருளை மட்டும் எழுதிவைக்காதீர்கள். 'டவுட்' என்பதற்கு நேரே 'சந்தேகம்' என்று எழுதிவைத்திருந்த காலத்தில், 'ஐ ஹேவ் எ டவுட் அபௌட் யுவர் இன்வாய்ஸ்' என்று நான் எழுதியது உண்டு. தமிழில் சந்தேகம் கேட்பது மாணவரின் பணிவு; ஆங்கிலத்தில் அந்த வாக்கியம் உங்கள் இன்வாய்ஸ்மேல் எனக்கு நம்பிக்கையில்லை என்று ஒலிக்கிறது. அங்கே 'கொஸ்டின்' என்று எழுதியிருக்க வேண்டும்.

ஐந்தாம் படி: இடைவெளி விட்டுப் புரட்டுங்கள்

செபாஸ்டியன் லைட்னர் என்ற ஜெர்மானியர் 1972-இல் விவரித்த பெட்டி முறையை நான் ரப்பர் பேண்டால் செய்கிறேன். மூன்று கட்டுகள்: முதல் கட்டைத் தினமும், இரண்டாவதை மூன்று நாளுக்கு ஒருமுறையும், மூன்றாவதை வாரத்துக்கு ஒருமுறையும் புரட்ட வேண்டும். சரியாகச் சொன்ன அட்டை அடுத்த கட்டுக்கு ஏறும். தவறிய அட்டை, எந்தக் கட்டில் இருந்தாலும், முதல் கட்டுக்கே திரும்பும். திருப்பி அனுப்பும்போது இரக்கம் காட்டாதீர்கள்.

தாராவிக்குப் பக்கத்திலுள்ள சயான் நிலையத்தில், எல்லா நிலையங்களிலும் நிற்கும் ஸ்லோ வண்டி ஏறினால், அடுத்து வரும் மாட்டுங்காவிலிருந்து கடைசி நிலையமான சி.எஸ்.எம்.டி. வரை ஒன்பது நிலையங்கள். தாதர் தாண்டும் வரை அட்டையை வெளியே எடுக்க வேண்டாம். ஏறுபவர்களும் இறங்குபவர்களும் சேர்ந்து அதைப் பறக்கவிட்டுவிடுவார்கள். பரேலிலிருந்து ஒரு கை கம்பியிலும் ஒரு கை அட்டையிலும் இருந்தால் இறங்குவதற்குள் பத்து அட்டைகள் முடிந்துவிடும்.

கைப்பேசி விரும்புவோருக்கு ஆங்கி என்ற செயலி இருக்கிறது. 2006-இல் வந்த அது ஆண்ட்ராய்டிலும் கணினியிலும் இலவசம், ஐபோனில் மட்டும் பணம் கட்ட வேண்டும். அதில் தினமும் 20 புதிய அட்டைகள் என்று இயல்பாகவே அமைந்திருக்கும். முதல் நாளே அதை 3 என்று குறைத்துவிடுங்கள், இல்லையென்றால் இரண்டாம் வாரத்தில் பாக்கி மலைபோல் குவிந்து செயலியையே திறக்க மனம் வராது. பிறர் தயாரித்த அட்டைத் தொகுப்புகளை இறக்கிக்கொள்ளும் வசதியும் உண்டு, ஆனால் நான் பரிந்துரைக்கமாட்டேன். வேறுபாட்டைத் தேடி எழுதும்போதுதான் பாதிப் படிப்பு நடக்கிறது.

ஆறாம் படி: ஒரே கடிதத்தை மூன்று பேருக்கு எழுதுங்கள்

ஞாயிற்றுக்கிழமை அரை மணி நேரம் ஒதுக்கி, அந்த வாரம் அனுப்பிய ஒரு கடிதத்தை எடுத்து, நண்பருக்கு எழுதுவதுபோல் ஒருமுறையும், மேலாளருக்கு எழுதுவதுபோல் ஒருமுறையும், மூன்று முறை நினைவூட்டியும் பணம் தராத வாடிக்கையாளருக்கு எழுதுவதுபோல் ஒருமுறையும் எழுதிப் பாருங்கள். மூன்றாவது கடிதத்தில் 'டிமாண்ட்' என்ற சொல் தனக்குரிய இடத்தில் அமர்வதைக் காண்பீர்கள்.

பின்சேர்க்கை 1

வங்கித் தேர்வுக்கும், மத்திய அரசு வேலைக்கான எஸ்.எஸ்.சி. தேர்வுக்கும் படிப்பவர்கள் சிலர், 'எங்கள் கேள்வித்தாளில் தனிச் சொல்லைக் கொடுத்துத்தானே ஒத்த சொல் கேட்கிறார்கள், வாக்கிய அட்டை எதற்கு?' என்று பின்னூட்டத்தில் கேட்டிருந்தார்கள். நியாயமான கேள்விதான். அங்கே நான்கு விடைகளில் மிக நெருங்கிய ஒன்றைத் தேர்ந்தால் போதும் என்பதால், பின்பக்கத்தின் கீழ்மூலையில் மிக நெருங்கிய ஒரே ஒரு ஒத்த சொல்லையும் ஓர் எதிர்ச்சொல்லையும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள். சொற்களை மின்னஞ்சலிலிருந்து எடுப்பதற்குப் பதிலாக முந்தைய ஆண்டுக் கேள்வித்தாள்களிலிருந்து எடுங்கள். மற்றபடி முறை அதுவேதான்.

பின்சேர்க்கை 2

செம்பூரிலிருந்து ஒரு வாசகி, 'த மீட்டிங் வில் ... அட் டென்' என்று அட்டை எழுதியதாகவும், தான் நினைத்தது 'பிகின்', ஒவ்வொரு முறையும் வாயில் வந்தது 'ஸ்டார்ட்', அதைத் தவறு என்று கணக்கிடுவதா என்றும் கேட்டிருந்தார். தவறு அவருடையது அல்ல, அட்டையுடையது. அந்த வாக்கியத்தில் இரண்டுமே சரி. முதல் எழுத்தைக் கொடுத்தால் ஓரளவு தப்பிக்கலாம். ஆனால் அதைவிட, மற்றச் சொல்லை உள்ளே விடாத வாக்கியமாகத் தேர்வதே நல்லது: 'ஹி குட் நாட் ... த கார்' என்று எழுதினால் 'ஸ்டார்ட்' மட்டுமே பொருந்தும், வண்டியை யாரும் 'பிகின்' செய்ய முடியாது. அப்படி ஒரு வாக்கியம் எவ்வளவு தேடியும் கிடைக்கவில்லை என்றால், அந்த இரண்டு சொற்களையும் ஒரே அட்டையில் சேர்த்து எழுதி, எதைச் சொன்னாலும் சரி என்று கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.