செம்மண் கறையும் மறுநாள் ஆட்டமும்

அமெரிக்காவின் டெக்சாஸில், டாலஸிலிருந்து சான் அன்டோனியோவுக்கு ஐ-35 சாலையில் சுமார் 440 கிலோமீட்டர். மகனுக்கு இரண்டு நாள் பேஸ்பால் போட்டி. முதல் நாளே இரண்டாம் பேஸை (ஓடிப்போய்த் தொட வேண்டிய இடம்) எட்ட மண்ணில் சறுக்கி, வெள்ளைக் கால்சட்டை முழுக்கச் செம்மண். மாற்றுக் கால்சட்டை கிடையாது. காலை 8 மணிக்கு அடுத்த ஆட்டம்.

போன தடவை ஈரமண்ணோடு வெந்நீரில் போட்டு, கறை அப்படியே பிடித்துக்கொண்டது. இந்த முறை மண் நன்றாகக் காயும்வரை பொறுத்து, பழைய டூத்பிரஷால் தேய்த்து உதிர்த்தேன். அப்புறம் துணியைத் திருப்பி உள்பக்கத்திலிருந்து குழாய்த் தண்ணீர், பச்சைத் தண்ணீர்தான். பாத்திர சோப்பில் அரைமணி ஊறவைத்து அலசினேன். உலர்ந்த துண்டில் சுருட்டி முழங்காலால் அழுத்தியதில் பாதி ஈரம் துண்டுக்குப் போய்விட்டது. ஏசி காற்றுக்கு நேரே தொங்கவிட்டேன், விடிவதற்குள் காய்ந்தது. முழங்காலில் மட்டும் லேசான நிழல். அவன் கவனிக்கவே இல்லை, போட்டுக்கொண்டு ஓடினான்.