அளவுக் குவளையின் மூக்கு ஒழுகல் நின்றது இப்படித்தான்

கல்லூரி ப்ராஜெக்டுக்காக 250 மி.லி. எவர்சில்வர் அளவுக் குவளை ஒன்றை வடிவமைத்தேன். வேகமாக ஊற்றினால் சரி. மெதுவாகச் சாய்த்தால் தண்ணீர் வெளிச்சுவரோடு வழிந்து அடியில் சொட்டியது. எண்ணெய் இன்னும் மோசம். அளந்தது முழுதாகப் போய்ச் சேராவிட்டால் அது என்ன அளவுக் குவளை?

மூக்கை நீட்டினேன், குறுக்கினேன். பலனில்லை. உப்புத்தாள் போட்டு ஓரத்தை வழவழப்பாக்கியதும் ஒழுகல் கூடியது. அங்கேதான் விஷயம் பிடிபட்டது: உருண்ட விளிம்பை ஒட்டிக்கொண்டு தண்ணீர் வளைந்து திரும்பிவிடுகிறது, கூரான ஓரத்தில் அப்படித் திரும்ப முடியாமல் பிரிந்து விழுகிறது.

கையைக் கிழிக்காமலிருக்க விளிம்பு முழுக்கச் சுருட்டியிருந்தது. மூக்கில் மட்டும் அந்தச் சுருட்டலை வெட்டி, நுனியைக் கீழ்நோக்கி மடக்கி, அடி ஓரத்தைக் கூராக விட்டேன். அப்பாடா! இப்போது மெதுவாகச் சாய்த்தாலும் வெளியே வழிவதில்லை.